சின்னவளின் ரத்தம்

என் தங்கை இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது அவளுக்கு ரத்தம் எடுத்தவள் நான்தான். போடியில் பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு சின்ன லேப்பில் அப்போதே பத்து வருடமாக டெக்னீசியனாக இருந்தேன். ஒரே அறை. நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பிரிட்ஜ், வாசலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். காலையில் வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரை நோயாளிகள் போன பிறகு கர்ப்பிணிகள் வருவார்கள். அன்றைக்கு அவர்களோடு அவளும் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வருட இடைவெளி. நான் நிதானம், அவள் வேகம். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயங்களில் அவள் வாங்கிய தட்டுகளும் டம்ளர்களும்தான் எங்கள் அம்மாவின் சமையலறையில் பாதிப் பாத்திரம். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த ராசிங்காபுரத்துக்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். மலைக்குப் போன ஒரே மாதத்தில் அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். குடியிருப்பிலிருந்து ஸ்டோருக்கு நல்ல ஏற்றம். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள்கூட இவளோடு சேர்ந்து ஏற முடியவில்லை என்று மாப்பிள்ளை சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். அதிகம் பேசாத மனிதர். அவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் இரண்டு வாக்கியம் கூடுதலாக வரும்.

முதல் கர்ப்பம் எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. நிறையப் பேருக்கு முதல் தடவை அப்படி ஆகும் என்று தேற்றிக்கொண்டோம். இப்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

“ஏக்கா, வெரசா எடு. மெட்டுக்குப் போற ஜீப்பு பதினோரு மணிக்குக் கெளம்பிரும். அத விட்டா அடுத்தது ஆளு நெறையுற வரைக்கும் உக்காந்திருக்கணும்.”

“வாய மூடிட்டுக் கைய நீட்டு.”

இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே, அவளுக்கு ஒரு நல்ல நரம்பு உண்டு. ஒரே குத்தில் எடுத்துவிட்டேன். பஞ்சை அழுத்திப் பிடிக்கக்கூட நிற்காமல் ஓடிவிட்டாள்.

கர்ப்பிணிகளுக்கு எழுதும் சோதனைகளில் சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கான சோதனையும் ஒன்று. எல்லோருக்கும் பார்ப்பதுதான். வெள்ளை அட்டையில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு வைத்து, கரித்துகள் கலந்த மருந்தை அதோடு ஒரு சொட்டு சேர்த்து, எட்டு நிமிடம் சுழற்ற வேண்டும். நோய் இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். இருந்தால் கரித்துகள் திட்டுத்திட்டாகத் திரண்டு நிற்கும். அவளுடையது திரண்டு நின்றது.

மருந்து கெட்டிருக்கும் என்று புதுக் குப்பியை உடைத்துச் செய்தேன். பக்கத்தில் வேறொரு பெண்ணின் சீரத்தையும் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுடையது தெளிவாக இருந்தது. என் தங்கையுடையது மூன்றாவது முறையும் திரண்டது.

இந்தச் சோதனை சில உடம்புகளில் பொய்யாகக் காட்டும் என்று டிப்ளமோவில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது மாப்பிள்ளையின் முகம்தான். தோட்டம், எல்லை, ஜீப்பு, வாரக்கணக்கில் வெளியே தங்கும் ஆண்கள் என்று காதில் விழுந்த கதைகளெல்லாம் சேர்ந்து வந்தன. உறுதிசெய்யும் சோதனைக்காக மதுரைக்குச் சாம்பிள் அனுப்பினேன். அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப் பாதி நாள்தான். மாப்பிள்ளையைத் தனியாக வரச் சொன்னேன். தோட்டத்து மண் காயாத செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். கோவப்படாம சொல்லணும்.”

“கேளுங்க மதினி.”

“கல்யாணத்துக்கு முன்னாடியோ பெறகோ, வேற எங்கிட்டாவது போயி வந்திருக்கீங்களா?”

அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் காது மடல் இரண்டும் சிவந்தன.

“இல்ல மதினி.”

“அவ ரத்தத்துல காட்டுது. இப்ப பொய் சொன்னீங்கன்னா கேடு புள்ளைக்குத்தான்.”

அவர் வாதாடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். “எனக்கும் பாருங்க.”

எடுத்தேன். சீரம் பிரித்தேன். அவர் பக்கத்திலேயே நிற்க எட்டு நிமிடம் அட்டையைச் சுழற்றினேன். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. அவருக்கு நோய் இல்லை.

“எனக்கு இல்லையா?”

“இல்ல.”

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்தது. அவரைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றப் போய், என் தங்கையை ஏற்றிவிட்டேன். அவர் அந்த அட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மதினி, ஊசி மருந்து ஏதும் போடணும்னா போட்ருவோம். எனக்குத்தான் இருந்துச்சு, என்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லிருங்க.”

“தம்பி...”

“அவகிட்ட வேற எதுவும் கேக்காதீங்க. நானும் கேக்க மாட்டேன்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மதுரையிலிருந்து முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் மூன்று தடவை ஏதோ சோலி இருப்பதுபோல் மலையிலிருந்து இறங்கி வந்தார். “வந்துருச்சா மதினி?” என்று கேட்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். கடைசியில் வந்தது. அவளுக்கு நோய் இல்லை. அட்டை காட்டியது பொய். தொலைபேசியில் மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“சரிங்க மதினி. புள்ளைக்கு ஒண்ணும் இல்லைல்ல?”

“ஒண்ணும் இல்ல தம்பி” என்றேன்.

கர்ப்பத்தில் சிலருக்கு இப்படிக் காட்டும் என்று, போடியில் அவளைப் பார்த்துவந்த மருத்துவர் அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் பொய்யாகக் காட்டியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அந்தப் பேச்சை எடுக்கவே பயந்தேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டது அவளுக்குத் தெரியக்கூடாது என்பதே என் கவலையாக இருந்தது.

ஐந்தாம் மாதம் முடியும் சமயம், குழந்தை அசையவில்லை என்று வந்தாள். ஸ்கேனில் துடிப்பு இல்லை. பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைகூட இல்லை. விரல்களில் நகம் இருந்தது. சின்னவள் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா வேண்டாம் என்றார். நான் காட்டினேன். “என்ன மாதிரியே கால் நீளமா இருக்குல்லக்கா” என்றாள்.

மறு வருடம் இன்னொன்று ஏழாவது வாரத்தில் போயிற்று. கோயில், விரதம், மலையாளத்து வைத்தியரிடம் வாங்கிய கஷாயம் என்று அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. மலைக்குளிர் ஆகவில்லை என்றார்கள். ஜீப்புக் குலுக்கல் என்றார்கள். அவள் நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்றார்கள். அவள் எல்லோருக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் ஸ்டோருக்குப் போய்விடுவாள்.

அதற்கு நான்கு மாதம் கழித்து இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் கல்லாக இருந்தது. தேனியில் ஸ்கேன் எடுத்தபோது தொடைவரை ரத்தம் உறைந்திருந்தது. முப்பது வயதுகூட ஆகாத பெண்ணுக்கு ஏன் இப்படி என்று அவர்கள் மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் பார்த்தவர் வயதான மருத்துவர். மூன்று கர்ப்பங்களைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தப் பரிசோதனையில ஏதாவது வித்தியாசமா வந்திருக்கா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க” என்றார்.

சின்னவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். சொல்லாமல் இருந்திருக்க முடியாது. சிபிலிஸ் சோதனை திரண்டதையும், அது பொய் என்று பிறகு தெரிந்ததையும் சொன்னேன். மாப்பிள்ளையைக் கேட்டதைச் சொல்லவில்லை. மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அதுக்கப்புறம் புள்ளைங்க போனப்பகூட இத யார்கிட்டயும் சொல்லலையாம்மா நீங்க?”

உடம்பு தனக்கு எதிராகத் தானே சில பொருட்களைத் தயாரித்துக்கொள்கிறது. அதனால் உறையக்கூடாத இடத்திலெல்லாம் ரத்தம் உறைகிறது. கருவுக்குப் போகும் ரத்தத்தை அடைத்ததும் அதுதான் என்றார். அந்தச் சோதனை மருந்தில் ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. அவள் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொண்டதால்தான் கரித்துகள் திரண்டன. என் கண் முன்னால், என் கையால் சுழற்றிய அட்டையில், வியாதி தன்னைக் காட்டியிருக்கிறது. நான் அதை ஒரு மனிதரின் ஒழுக்கமாகப் படித்தேன்.

“அப்பவே தெரிஞ்சிருந்தா சார்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, “வயித்துல தினமும் ஒரு ஊசி போட்டு அந்தப் புள்ளயக் காப்பாத்திப் பாத்திருக்கலாம். நிச்சயம்னு சொல்ல முடியாது” என்றார்.

சின்னவள் ஆச்சரியப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து எதுவும் கேட்கவும் இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் குனிந்தே இருந்தேன்.

அதன்பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் மலையிலிருந்து இறங்கி வந்து என்னிடம் ரத்தம் கொடுப்பாள். ரத்தம் உறைவதற்கு ஆகும் நேரத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் சோதனை அது. சாதாரண ஆளுக்கு ஒன்று. அவளுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். கீரை ஒருநாள் அதிகம் சாப்பிட்டாலும் எண் இறங்கும். எண் சரியாக இருக்கும் நாளில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

“பாஸா?”

“பாஸு.”

“அப்பன்னா ரெண்டு பப்ஸ் வாங்கித் தா.”

அந்த இரண்டு வருடமும் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம் என்று சொல்வேன். கையில் சின்னதாக இடித்துக்கொண்டாலும் நீலமாகக் கட்டிப்போகும். ஸ்டோரில் பெண்கள் கேட்டால் மாப்பிள்ளை அடித்துவிட்டார் என்று சொல்லி அவரை வம்புக்கு இழுப்பாள். குழந்தை பற்றிய பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறினால் முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தினமும் வயிற்றில் ஊசி போட நான் மாப்பிள்ளைக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பழக்கினேன். அவர் பழத்துக்கு வலிக்குமோ என்பதுபோல் குத்துவார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஊசிக்கு மாறுவதற்கு முன் இதயத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எக்கோ எழுதினார்கள். சும்மா ஒரு சம்பிரதாயம் என்றுதான் நினைத்துப் போனோம். திரையில் இதயத்தின் கதவுகள் திறந்து மூடுவதை எங்களுக்கும் காட்டினார் மருத்துவர்.

“இந்த வால்வு பாருங்க. ரெண்டு ஓரமும் தடிச்சிருக்கு. சரியா மூடல. ரத்தம் பின்னாடி கசியுது.”

“கிருமியா சார்?” என்றேன்.

“கிருமி இல்ல. அதே வியாதிதான். ரத்தக் கட்டி வந்து வால்வுல ஒட்டி, அங்கேயே தடிச்சுப்போச்சு. கொஞ்ச காலமாவே இருந்திருக்கும். மூச்சு வாங்கலையாம்மா ஒங்களுக்கு?”

“ஏத்தத்துல லேசா வாங்கும் சார்” என்றாள் சின்னவள். அப்படி வாங்குகிறது என்று அவள் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு, “ஊசி போட்டா புள்ள நிக்கும்னு சொன்னீங்களே?” என்று கேட்டாள்.

“புள்ள நிக்கலாம்மா. ஒங்க இதயம் தாங்கணுமே. வேண்டாம். இத நெனைக்கவே வேண்டாம்.”

திரும்பி வரும் பேருந்தில் மாப்பிள்ளை எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டி தாண்டியதும் சின்னவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறும்போதுதான் என் தோள் நனைந்திருப்பது தெரிந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அந்த மேட்டில் அவள் ஏறுவதை நானே ஒருமுறை பார்த்தேன். காய் எடுப்பு நேரத்தில் இரண்டு நாள் போய்த் தங்கியிருந்தேன். காலையில் ஸ்டோருக்குக் கிளம்பியவள் மூன்று இடத்தில் நின்றாள். நிற்கும்போது ஏலச்செடிகளுக்குள் குனிந்து, தூரில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பதுபோல் செய்வாள். அப்படி நின்றால் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்த மாப்பிள்ளையும் அவளோடு சேர்ந்து குனிந்து பார்ப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் கீழே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

காய் எடுப்பு முடிந்ததும் ராசிங்காபுரத்துக்கே வந்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சமதளம், மருத்துவமனை பக்கம். பாத்திரங்களைக்கூடப் பாதி கட்டிவிட்டாள்.

அதற்குள் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் தோட்டத்தில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். மேலே ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை கீழே கூட்டி வந்தார். எண் ஆறைத் தாண்டி இருந்தது. காய்ச்சல் மருந்தும் பழைய மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தை மிகவும் இளக்கிவிட்டன. மதுரை மருத்துவரிடம் பேசினேன். பழைய மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எண் பார்க்கச் சொன்னார். அது சரியான யோசனைதான். அந்த எண்ணைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதை இத்தனை தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“எங்க வீட்டுலயே இரு” என்றேன்.

“மிச்சப் பாத்திரத்தக் கட்டணும்க்கா. நாளன்னைக்குக் காலைல வந்துருவேன்ல” என்று ஜீப்பில் ஏறிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். பின்னால் ஜீப்பின் சத்தம். “மதினி, நெஞ்சு வலிக்குதுங்கிறா. எறங்கிட்டு இருக்கோம்.” கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் நெஞ்சைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னார். நான் மலையடிவாரத்தில் முந்தலில் போய் நின்றேன். ஜீப்பிலிருந்து இறக்கும்போது அவள் கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பாதத்தில் வலை போட்டதுபோல் ஊதாக் கோடுகள்.

தேனியில் மாரடைப்பு என்றார்கள். உடனே ஆம்புலன்ஸில் மதுரை. அங்கே ரத்தக் குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள். பெரிய குழாய்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அடைப்பு எங்கே என்று கண்ணுக்கே தெரியவில்லை. சாயங்காலம் எங்கள் மருத்துவர் வெளியே வந்து சொன்னார்.

“நுண்ணிய குழாய்கள்ல ஒரே நேரத்துல உறையுதும்மா. இதயத்துல, சிறுநீரகத்துல, நுரையீரல்ல. இந்த வியாதியில ரொம்ப ரொம்ப அரிதா இப்படித் திரும்பும். எல்லாம் செய்யிறோம்.”

செய்தார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை இயந்திரத்தில் பிரித்து எடுத்துவிட்டு வேறு ஆட்களின் பிளாஸ்மாவை ஏற்றினார்கள். ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எல்லாம் சொட்டுச் சொட்டாக ஏறின. தோட்டத்து ஆட்கள் ஒரு ஜீப்பு நிறைய வந்து பிளாஸ்மா கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் கொஞ்சம் தெளிந்தாள். சிறுநீர் பிரிந்தது. எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

அன்று மத்தியானம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தோம். இனி என்னால் முடியாது என்று தோன்றி, அவரிடம் சொல்லிவிட்டேன்.

“தம்பி, அன்னைக்கு ஒங்களக் கூப்பிட்டுக் கேட்டதுக்குப் பதிலா, ஏன் இப்படிக் காட்டுதுன்னு ஒரு டாக்டரக் கேட்டிருந்தேன்னா அந்தப் புள்ள இருந்திருக்கலாம். இவ நெஞ்சுகூட இப்படி ஆயிருக்காதோ என்னவோ. நான் அவகிட்ட இன்னும் சொல்லல.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவளுக்குத் தெரியும் மதினி.”

“என்ன தெரியும்?”

“நீங்க கேட்டது. அன்னைக்கே தெரியும். நான் போயி நின்ன நிலையப் பாத்தே புடிச்சுட்டா. எனக்குத்தான் சீக்குன்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. அக்கா டெஸ்டுல ஏதோ தப்பு இருக்கு, நாமளா போயிச் சொன்னா அக்கா ஒடைஞ்சுபோயிரும், அதுக்கு அந்தச் சோலிதான் பெருமை, விட்டுருங்கன்னா. அதுக்குப் பெறகு ஒரு நாளும் அந்தப் பேச்ச எடுக்க விடல.”

இரண்டு வருடம் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் என் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்திருந்தவள் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

பார்வை நேரத்தில் உள்ளே போனேன். நர்ஸ் பெண் அவள் வலது கையில் நரம்பு கிடைக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கட்டிக்கட்டியாக நீலம்.

“என் அக்காவக் கேளுங்க, அதுக்குத் தெரியும்” என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.

இடது முன்கையில் அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். நர்ஸ் எடுத்துவிட்டுப் போனதும் அவள் காதோரம் குனிந்தேன்.

“சின்னவளே, அன்னைக்கு மாப்பிள்ளையக் கூப்பிட்டு நான்...”

“ப்ச். இப்ப எதுக்குக்கா அது.” மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் பொறுத்துப் பேசினாள். “தலை சிக்குப் புடிச்சுப் போச்சு. விரலால கொஞ்சம் கோதி விடேன். அரிக்குது.”

கோதிவிட்டேன். ஐந்து நிமிடம்தான் தந்தார்கள். சடையை முன்பக்கம் எடுத்துப் போட்டுவிட்டு வரும்போது, “பாத்திரம் அங்கனயே கெடக்கு, சாக்குல கட்டினது. யாரையாச்சும் கொண்டாரச் சொல்லு” என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மறுநாள் இதயத் துடிப்பு தாறுமாறானது. செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். சிறுநீரகம் மறுபடி நின்றது. ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்குச் சற்று முன்பு மருத்துவர் வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மாப்பிள்ளை எழுந்து நின்று கைகூப்பினார்.

ராசிங்காபுரத்துக்குத்தான் கொண்டுபோனோம். ஸ்டோர்ப் பெண்கள் மூன்று ஜீப்பில் இறங்கி வந்திருந்தார்கள். அம்மா அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான், கரண்டி எடுக்கப் போன இடத்தில், அவள் ஓடி வாங்கிய தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

பதினாறாம் நாள் முடிந்து நான் வேலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் வீட்டுக்காரர்தான் அனுப்பினார். முதல் மாதம் கை நடுக்கத்தோடு நரம்பு தேடினேன். பிறகு நடுக்கம் போய்விட்டது. அது போனதற்காக என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

மாப்பிள்ளை மலைக்குத் திரும்பவில்லை. ராசிங்காபுரத்தில் தன் அண்ணனோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் அவர் அண்ணன் என்னைச் சொல்லச் சொன்னார். நான் போய்ச் சொன்னேன். “நீங்களுமா மதினி?” என்றார். ஆமாம் தம்பி, நானும்தான் என்றேன். சிலமலையில் பெண் எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திரும்பி வரும்போது பேருந்தில் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். மாப்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மதினி, அவ பேர வைக்கலாமான்னு இவளே கேக்குறா. ஒங்களக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.”

“வேண்டாம் தம்பி” என்றேன். “கூப்பிடுறப்பெல்லாம் நமக்கு வேற ஆளு ஞாபகம் வரும். இந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு.”

அவர் தலையாட்டினார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, போடி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.